வேலை என்னும் வகுப்புக்கு இராயப்பன் போட்ட பூட்டு

செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் தேயிலை மலைகளைத் தலைகுனிய வைத்த கையோனே, கடுங்காற்றிலும் பீடி அணையாது காத்த மார்போனே, பீர்க்கங்கொடிப் பந்தலுக்கும் இரட்டைப் பூட்டுப் போட்ட பேரெச்சரிக்கையோனே, ஹாலிஎலத் தோட்டத்து மேற்பிரிவு லயத்து வரிசைவீட்டு இராயப்பனே, வாழி. வானம் இருட்டினால் முதலில் ஓடிப்போகும் மின்சாரமே, இன்று ஒருநாளாவது நாலரை மணிவரை நின்று இவனைக் காப்பாயாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு மனையாள் றீட்டாவுடன் பதுளைக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு அவன் வந்திறங்கிய கோலம், பகைவர் கோட்டைமுன் தேர்விட்டிறங்கிய வேந்தனின் கோலமாயிருந்தது. இடுப்பிலிருந்து வீட்டுச் சாவிக்கொத்தை உருவி, வெற்றிச் சங்கை வைப்பவன்போல விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தான். வகுப்பின் கடைசி நாள் அது. புருஷன் பெண்சாதி இருவருக்கும் சேர்த்து முஷ்ரிபா டீச்சர் எழுதக் கொடுத்த செய்நிரல் என்னும் புரோகிராம் நாலரைக்குள் ஓடினால் சான்றிதழ் உண்டு. சான்றிதழ் இருந்தால் தோட்டத்து ஸ்டோரில் கொழுந்து நிறுக்கும் கம்ப்யூட்டர் வேலை அவனுக்கு. ஓடாவிட்டால், தேய்ந்துபோன வலது தோளோடு மறுபடி மலையேறிக் கத்தி பிடிக்க வேண்டியதுதான்.

செய்நிரலின் தலைவாசலில் 'வேலை' என்றொரு வகுப்பு, பாடம் நடக்கும் வகுப்பல்ல, செய்நிரலுக்குள் 'கிளாஸ்' என்று எழுதும் அச்சு. அதன் பிள்ளைகளாகக் கீழே 'கொழுந்து', 'கவ்வாத்து' என்று இரண்டு. கொழுந்துக்குக் கிலோ பார்த்து நாட்பேர் என்னும் நாட்கூலி போடுவதும், கவ்வாத்துக்குத் தேயிலை மரம் எண்ணிப் பேர் போடுவதும் அந்தப் பிள்ளைகளின் பாடு. தாய் வகுப்பின் நெற்றியில் றீட்டா 'அப்ஸ்ட்ராக்ட்' என்ற திலகத்தை இட்டாள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் எவருக்கும் வெறும் வேலை என்று ஒரு வேலை கொடுத்ததில்லை, அது உருவம் மட்டுந்தான், பிள்ளைகள் வந்தே அதற்குக் கைகால் கொடுக்க வேண்டும் என்பது அவள் கட்சி. இராயப்பனோ அதே நெற்றியில் 'ஃபைனல்' என்று எழுதத் துணிந்தான். இதற்குமேல் பிள்ளை கிடையாது, எவனும் இதைத் தொட்டு விரிக்கக்கூடாது என்று அடைத்துவிடும் சொல் அது. பூட்டென்றால் உயிரை விடும் வீரனுக்கு வேறெந்தச் சொல் இனிக்கும்?

மூண்டது போர். அவள் எழுத அவன் அழிக்க, அவன் எழுத அவள் அழிக்க, மத்தகம் மோதும் இரு மதயானைகள்போல இரண்டு சுட்டுவிரல்கள் ஒரே பொத்தானில் முட்டித் திரும்ப, பக்கத்து மேசைக்காரர் தம் கணக்கை மறந்து வாய்பிளந்து நிற்க, கடைசியில் லயத்துச் சண்டையெல்லாம் எப்படித் தீருமோ அப்படியே இதுவும் தீர்ந்தது. அவர்கள் வீட்டில் சம்பல்கூடப் பாதி உறைப்பு, பாதி சப்பு. ஆகவே 'அப்ஸ்ட்ராக்ட் ஃபைனல் வேலை' என்று இரு கொடியும் ஒரே கம்பத்தில் ஏறின.

எழுதியதைச் சோதித்து ஓடவிடும் கம்பைலர் என்னும் கண்ணிமையாக் காவலன் அந்தச் சமரசத்தை ஏற்றானில்லை. இவ்விரு சொல்லும் ஓரிடத்தில் நில்லா என்று குருதிச் சிவப்பில் ஒரு கோடு கிழித்தான்.

"மரத்துக்குப் பேர் தரமாட்டேன்னு நின்ன கணக்கப்புள்ளையையே மடக்கி அரைப்பேராவது வாங்குனவன் நான். இந்தப் பொட்டிகிட்டயா தோப்பேன்?" என்று முழங்கினான் இராயப்பன்.

சொற்களை முன்பின்னாக மாற்றினான். நடுவே இடைவெளி கூட்டினான். அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தான். சிவப்புக்கோடு அசையவில்லை. நமுனுகுல மலைமுகட்டில் முகில்கள் முரசறைய, தலைக்குமேல் பல்பு ஒருமுறை கண்சிமிட்டியது. இறுதிப் படைக்கலமாக அவள் சொல்லைத் துடைத்துவிட்டுத் தன் பூட்டை மட்டும் தனியே நிறுத்தினான். அவ்வளவுதான், தாய்வீடு அடைத்திருக்கக் கண்ட பிள்ளைகள் இரண்டும் வெளியே நின்று ஓலமிட, சிவப்புக்கோடுகள் பெருகின.

"ஏங்க, புள்ளைங்கள வெளிய விட்டுட்டு கதவப் பூட்டுனா வேலைய யாரு செய்வா?" என்றாள் றீட்டா. "உங்க பூட்ட உங்க வாசல்ல போடுங்க." அவள் விரல் 'கவ்வாத்து' வகுப்பைக் காட்டியது. அதற்குக் கீழே பிள்ளை எதுவும் இல்லை.

இராயப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப கவ்வாத்து இதோட முடியுதா, புள்ள?"

"முடியட்டுமே. அந்தத் தோள்வலி இனி யாருக்கு வேணும்?"

மானம் ஒருபுறம் இழுக்க, தோள் மறுபுறம் இழுக்க, தோளே வென்றது. பூட்டைப் பெயர்த்துக் கவ்வாத்தின் வாசலில் மாட்டினான். தாய் வகுப்பின் நெற்றியில் அவள் திலகம் மீண்டது. செய்நிரல், மடை திறந்த ஆறுபோல ஓடிற்று.

டீச்சர் இரண்டு சான்றிதழிலும் கையெழுத்திட்டு, எல்லோரையும் வெளியேற்றி, மண்டபக் கதவைப் பூட்டிய பின்னரே மின்சாரம் மூர்ச்சையுற்றது. கொட்டும் மழையைப் பூமாரியாய் ஏற்று, பஸ்ஸென்னும் பட்டத்து யானைமீது மிதிபலகையில் நின்றபடி பவனி வந்து, சான்றிதழைச் சட்டைக்குள் மார்போடணைத்துக் காத்து, வெற்றித் திருமகளாம் றீட்டா பக்கத்தில் வர, லயத்துத் தன் வாசலில் நிமிர்ந்து நின்ற அந்த மாவீரன், கதவைத் திறக்க இடுப்பில் கைவைத்தான்.

சாவி கம்ப்யூட்டர் மேசையிலேயே கிடந்தது.