உறையாத உயிர்த்தயிர்

“ஒரு மாசமா அலமாரியில இருக்குங்க இந்த டப்பா. இன்னும் புளிக்கல. தயிர்னா புளிக்கணும்ல—”

“புளிக்காததுதான் அற்புதம்னு சாமியே—”

“டாக்டர் ஷாஜியா கொடுத்த மருந்தை நிறுத்தினது போதாதா? பிள்ளை கன்னத்தைப் பாருங்க, தோலு மெலிஞ்சு நரம்பு தெரியுது—”

“முதல் வாரத்துல தடிப்பு எப்படி அடங்குச்சு, அதை மட்டும் சொல்ல மாட்டியே—”

“தடவாத அன்னிக்கு ரெண்டு மடங்கா கெளம்புச்சே—”

“அன்னிக்கு ஏகாதசி. பாக்டீரியா விரதம்.”

கலைமதி டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். பாக்டீரியா விரதம் இருப்பதாகச் சொல்லும் கணவனிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? உறையூர் வீட்டுக் கூடத்தில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, நான்கு வயது வைஷ்ணவி கன்னத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்தே ஒவ்வாமைத் தோல். இன்றைக்கு அவளுக்கு முழுக்காப்பு. அதாவது, இதுவரை முகத்தில் தடவிய உயிர்த்தயிரை இனி உச்சி முதல் பாதம் வரை பூசப்போகிறார்கள்.

பூசுகிறவர் ஜீவாணு சித்தர். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார். முசிறிப் பக்கத்திலிருந்து ஜனம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியது. துவாக்குடி விடுதிகளிலிருந்து, இயந்திரங்களையே பிரித்து மாட்டப் படிக்கும் பையன்கள், முகப்பருவுடன் வந்து வரிசையில் நின்றார்கள். இமயத்தில் ஒரு ரிஷி உறை ஊற்றிய தயிராம். நானூறு வருடமாக அந்த உறை அறுபடவில்லையாம். அதிலுள்ள பாக்டீரியாக்கள் காலையும் மாலையும் மந்திரம் கேட்டு வளர்ந்தவையாம். நம் வீட்டுப் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, பாக்டீரியா கேட்கிறது. ஆனால் டாக்டரிடம் காட்டினால் கூச்சப்பட்டுச் சக்தியை இழந்துவிடுமாம். விவரமான பாக்டீரியா.

கலைமதியின் கணவன் சுரேஷ்குமார் அங்கே தொண்டர். காவித் துண்டு, கழுத்தில் அட்டை, முகத்தில் பெருமை. மகளைத் தூக்கிக்கொண்டு அவன் மேடை ஏறியபோது, கலைமதியும் ஒரு பையோடு கூடவே ஏறினாள். பையில் காய்ச்சி ஆறிய பால், இரண்டு சின்ன எவர்சில்வர் தூக்கு.

“சாமி, பூசுறதுக்கு முன்னாடி ஒரு ஆசை.”

“கேள் மகளே.”

“உங்க தயிர்ல ஒரு ஸ்பூன் இந்தப் பால்ல விட்டு உறைய வச்சுக்கறேன். தலைமுறைக்கும் வீட்டுல இருக்கட்டும்.”

“அது... அபசாரம்.”

“ரிஷியும் உறை ஊத்தித்தான சாமி கொடுத்தாரு?” என்றாள் முன்வரிசையிலிருந்த வள்ளிக்கண்ணு. முசிறிக்காரி, கையெல்லாம் படை. “எனக்கும் கொஞ்சம் கொடு தாயி. மாசாமாசம் பஸ் ஏறி மாள முடியல.”

“எனக்கும்” என்றது கூட்டம். சித்தர் இதுவரை வளர்த்த பேராசை எழுந்து நின்று அவரையே பார்த்தது. மறுக்க வழியில்லை. ஒரு தூக்குப் பாலில் அவருடைய உயிர்த்தயிர் விழுந்தது. இன்னொன்றில், அன்னதானச் சமையலறையிலிருந்து வாங்கிய சாதா மோர்.

“அது எதுக்கு?”

“துணைக்கு, சாமி.”

சித்திரை வெயில். உறைவதற்கு இதைவிட நல்ல ஊரும் மாதமும் கிடையாது. முழுக்காப்பு தள்ளிப்போனது. பஜனை நடந்தது. துவாக்குடிப் பையன்கள் பந்தயம் கட்டினார்கள். மூன்று பந்தி முடிந்து, நாலாவது முறை சித்தர் வியர்வையைத் துடைத்தபோது, வள்ளிக்கண்ணு மேடையேறித் தூக்குகளைத் திறந்தாள்.

சமையலறை மோர் விட்டதைக் கவிழ்த்தாள். கட்டித் தயிர், அசையவில்லை. சித்தருடையதைக் கவிழ்த்தாள். வெள்ளைப் பிசுக்கு மிதக்கும் பால், அவருடைய வெல்வெட் ஆசனம் முழுக்க ஓடியது.

“பாக்டீரியா யோக நித்திரையில் இருக்கிறது” என்றார் சித்தர்.

“சாம்பார்ச் சட்டிக்குப் பக்கத்துல இருந்ததே முழிச்சிருக்கு. மந்திரம் கேட்டது தூங்குதாக்கும்?” என்றாள் வள்ளிக்கண்ணு.

“செத்த பாக்டீரியாவுக்கும் சக்தி உண்டு. வெளிநாட்டில் ஆராய்ச்சியே நடக்கிறது.”

“நடக்குது, எங்க டாக்டரும் சொன்னாங்க” என்றாள் கலைமதி. “பாக்டீரியாவை உடைச்சு, அதுல ஒரு பகுதியை மட்டும் பிரிச்சு, தோல் வீக்கம் அடங்குதான்னு பாக்குறாங்களாம். பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்கு வெறும் களிம்பு. பலிக்கலைன்னா பலிக்கலைன்னு எழுதிடுவாங்களாம். நீங்க காலையில உயிரோட இருக்குன்னீங்க, இப்ப செத்துப்போச்சுங்கறீங்க. பந்திச் சாப்பாடு ஒத்துக்கலையா?”

மண்டபம் சிரித்தது. சுரேஷ்குமாரால் தாங்க முடியவில்லை.

“சாமி, கவலைப்படாதீங்க. தாய்ப்பானையிலேருந்தே கொண்டாரேன். இவங்க வாயை அடைச்சிடலாம்.”

பக்தி முற்றி அவன் திரைக்குப் பின்னால் ஓடினான். அங்கே யாரும் போனதில்லை.

“டேய், உள்ள போகாதடா” என்றார் சித்தர். ஜீவாணு சித்தர் சாதாரணத் தமிழ் பேசிய முதல் சந்தர்ப்பம் அது.

சுரேஷ்குமார் திரும்பி வந்தான். பானை இல்லை. ஒரு கையில் பெரிய வாஸ்லின் டப்பா. மறு கையில், கடைசிச் சொட்டு வரை பிதுக்கப்பட்ட களிம்பு டியூப்கள். ஒன்றின் மேல் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

“கலை... ஸ்டீராய்டு. கேக்காம முகத்துல போட்டுறாதீங்கன்னு டாக்டர் சொன்னாங்களே, அதுவா?”

“அதேதாங்க. அதான் உடனே அடங்குச்சு. தோலு மெலிஞ்சதும், விட்டா ரெண்டு மடங்கா கெளம்புனதும் அதாலதான்.”

சித்தர் எழுந்து ஓடப் பார்த்தார். தம்முடைய உறையாத பாலிலேயே வழுக்கி, ஆசனத்தோடு மேடையிலிருந்து இறங்கினார். பின்வாசலைத் துவாக்குடிப் பையன்கள் மறித்துக்கொண்டார்கள். ஒருவன் போலீசுக்குப் போன் போட்டான். சுரேஷ்குமார் காவித் துண்டை உருவிப் போட்டுவிட்டு மகளைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

“டாக்டர் இப்ப இருப்பாங்களா?” என்றான்.

“போன் பண்ணிட்டேன், இருக்காங்க. வாங்க.”

கூட்டம் கலையும்போது, வள்ளிக்கண்ணு பக்கத்திலிருந்தவளின் தோளைத் தட்டினாள். “இவரு போனா போறாரு. எங்க பக்கத்து ஊர்ல ஒருத்தரு புத்து மண்ணு கொடுக்குறாராம். கைமேல பலனாம். வர்றியா?”

“நானும் வர்றேன்” என்றன நாலைந்து குரல்கள்.

வாசல்படியில் கலைமதி நின்று திரும்பினாள்.

“பாலுக்கு உறை ஊத்துறப்பகூட விரலை விட்டுச் சூடு பாக்குறீங்களே, பெத்த பிள்ளை மேல பூசுறப்ப மட்டும் இதுல என்ன இருக்குன்னு ஏங்க ஒருத்தர்கூடக் கேக்கல?”