ஆறு நாற்காலிகளும் ஒரு கன்னிப் பேச்சும்

லண்டன்,
செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் மிகுந்த ஆலிவ் அக்காவுக்கு,

தம்பி வில்பர்ட் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் சுகம். அவ்விடம் உன் இடுப்பு வலியும் கோழிகளும் எப்படி என்று விசாரிப்பதுதான் முறை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு நான் போட்ட வாழ்த்து அட்டை பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டதால், இந்த விசாரிப்பும் உன்னை வந்து சேருமா என்று சந்தேகம். அதனால்தான் இந்த முறை உறைமேல் விலாசத்தை டைப் அடித்திருக்கிறேன். கரண்ட் பில் என்று நினைத்துப் பிரித்திருப்பாய். பிரித்தது பிரித்துவிட்டாய், திட்டிக்கொண்டே படித்துவிடு.

பெல்ஃபாஸ்டில் நம் சட்டசபையை மறுபடியும் இழுத்துப் பூட்டிவிட்டார்கள் அல்லவா, அன்றிலிருந்து நம் ஊர்ச் சாக்கடை முதல் சமாதானம் வரை எல்லாவற்றையும் இங்கே பிரபுக்கள் சபையில்தான் பேசுகிறார்கள். பேசுவதென்றால், மற்ற பிரபுக்கள் எல்லாம் ஆட்டுக்கறி சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து, ஏழெட்டுப் பேர் சிவப்புத் தோல் பெஞ்சுகளில் ஆளுக்கொரு மூலையாக உட்கார்ந்து பேசுவது. காலமெல்லாம் மாட்டுக்குப் பிரசவம் பார்த்த என்னை, சமாதானக் கமிட்டியில் இருந்த பாவத்துக்குப் பிரபு ஆக்கி இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை அதிகாரப் பகிர்வு, அரசியல் வன்முறை, சமாதானம் மூன்றையும் பற்றி விவாதம், அதில் என் கன்னிப் பேச்சு. அதற்கென்று இங்கே சில மரியாதைகள் இருக்கின்றன. முதல் தடவை பேசுகிறவனை யாரும் குறுக்கிடக் கூடாது. அவன் முடிக்கும்வரை ஒருவரும் எழுந்து போகக் கூடாது. அடுத்துப் பேசுகிறவர், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அவனைப் பாராட்டியே ஆகவேண்டும். பதிலுக்கு அவன் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: சர்ச்சையாக ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. நம் ஊரைப் பற்றி, அக்கா! சர்ச்சை இல்லாமல்!

எனக்கு வழிகாட்ட காரிஸ்மோர் சீமாட்டி என்று ஒரு அம்மாளை நியமித்திருக்கிறார்கள். நல்ல மனுஷி, கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். நான் எழுதிக்கொண்டு போனதை டீக்கடையில் வைத்துப் படித்தார்.

"எல்லைக்குப் பக்கத்து ஊரிலிருந்து வர்றேன்னு ஆரம்பிச்சிருக்கீங்க. எல்லைன்னாலே சண்டைதானே? எடுத்துடலாம்."

"சரிம்மா. அப்ப ஊர்ப் பேரையாவது சொல்லட்டுமா?"

"உங்க ஊர்ல பேருக்கே சண்டை போடுவாங்களாமே. வேணாம். இது என்ன, 'கொல்லப்பட்டவர்கள்'?"

"கொல்லப்பட்டவங்கதாம்மா."

"யாரு கொன்னான்னு கேள்வி வரும். 'காலமானவர்கள்'னு போட்டுக்கலாம்."

"காலமாகிறதுன்னா கட்டில்ல படுத்து இருமி சாகறதும்மா!"

"கோபப்படாதீங்க, வில்பர்ட். இங்க பாருங்க, மாடுகளைப் பத்தி ஒரு பாரா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. மாடுகள் இருக்கட்டும்."

ஆக, என் பேச்சில் இப்போது மிஞ்சியிருப்பது மாடுகளும், வாசற்காவலர்களுக்கு ஒரு நன்றியும்தான்.

இதைவிடப் பெரிய கூத்து திங்கட்கிழமை நடந்தது. சபைக்குள் போனேன். எனக்கு முன்வரிசையில் பென்ரூதர் பிரபு தலையைப் பெஞ்சில் சாய்த்து, வாயைத் திறந்து, கண்ணை மூடிக் கிடந்தார். ஆடவுமில்லை, அசையவுமில்லை. ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே நினைத்தேன். சுற்றுமுற்றும் பார்த்தேன், ஒரு ஈ காக்கைகூடக் கண்டுகொள்ளவில்லை. கை சும்மா இருக்குமா? கழுத்தடியில் விரலை வைத்து நாடி பார்த்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்து, பழக்கதோஷத்தில் விலாவையும் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டேன். மனிதர் ஒரு கண்ணைத் திறந்து, "என்னய்யா, கன்னுக்குட்டி திரும்பிக் கிடக்கா?" என்றார். பெஞ்சின் முதுகில் ஒலிபெருக்கி பதித்திருக்கிறார்களாம். காது மந்தமான கிழவர்கள் எல்லாம் அதில் காதை வைத்துக் கேட்பார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? கேலரியில் இருந்த பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அதுவும் யார் இந்த பென்ரூதர் தெரியுமா? கைதிகளை விடுதலை செய்யும் சட்டத்துக்காக இந்தச் சபையில் தொண்டை கிழியப் பேசியவர். வியாழக்கிழமை எனக்கு அடுத்தபடி பேசப்போகிறவரும் அவர்தான். அவர் என்னைப் பாராட்டியே தீரவேண்டும். அது நம் ஊர்ப் பத்திரிகையில் வரும், நீ படித்துவிட்டு அடுப்பில் போடுவாய்.

அப்புறம் நாற்காலி விவகாரம். கன்னிப் பேச்சன்று குடும்பமே திரண்டு வந்து கேட்பது வழக்கம். வாசற்காவலர் ரெஜி, வெள்ளை டையும் வாலுள்ள கோட்டுமாக மாப்பிள்ளை மாதிரி இருப்பார், "உங்க வீட்லேருந்து எத்தனை பேருங்கய்யா?" என்று கேட்டார். ஒருவருமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆறு என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். கல்யாணம் காட்சி எதுவும் ஆகாதவனுக்கு ஆறு பேர் எங்கிருந்து வருவார்கள்? என் பெயரெழுதி ஆறு இடம் ஒதுக்கிவிட்டார். டீக்கடை அம்மாளைக் கூப்பிட்டேன், அன்றைக்கு அவளுக்கு வேலையாம். நான் தங்கியிருக்கும் லாட்ஜில் பக்கத்து அறைக்காரனிடம் கேட்கலாம் என்று பார்த்தால், நான் சத்தமாகப் பேசிப் பார்த்ததில் அவன் ஏற்கெனவே சுவரை இடித்து, "யோவ், அந்த மாடுங்களைக் கட்டிப் போடுய்யா!" என்று கத்தியிருக்கிறான். அவனை எந்த முகத்தோடு கூப்பிடுவது?

இதையெல்லாம் படித்துவிட்டு நான் இங்கே தனியாகத் தவிக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. கோட்டு மாட்ட என் பெயரிலேயே ஓர் ஆணி இருக்கிறது. நிறையப் பேர் வணக்கம் சொல்கிறார்கள்.

உன்னிடம் சொல்ல வந்தது இதுதான். பேச்சில் நார்மன் அத்தான் பெயர் வராது. ரொட்டி வண்டி ஓட்டிப் போனவரை நாற்சந்தியில் வைத்துச் சுட்டுக் கொன்றதும் வராது, சுட்டவன் சமாதான ஒப்பந்தத்தால் ஜெயிலிலிருந்து வெளியே வந்ததும் வராது. அந்த ஒப்பந்தத்துக்கு நான் ஓட்டுப் போட்டதோடு நிற்காமல், சர்ச் மண்டபத்தில் ஏறி நின்று எல்லாரையும் போடச் சொன்னேன். அதற்காகத்தானே என் முகத்தில் கதவைச் சாத்தினாய். அது தப்பு என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் அத்தான் பெயரை எடுக்க எனக்கு யோக்யதை இல்லை என்று அன்று நீ சொன்னாயே, அதை மீறமாட்டேன். சீமாட்டியின் பென்சிலும் அதைத்தான் சொல்கிறது. ஆகவே நீ நிம்மதியாக இரு. லண்டன் வரும் சிரமம் வேண்டாம். பதில் போடவும் வேண்டாம்.

உன் இடுப்பு குணமாகவும், கோழிகள் தவறாமல் முட்டையிடவும், நம் வீட்டுக் கூரை இந்த மழையைத் தாங்கவும் ஆண்டவன் அருள்புரியட்டும்.

என்றும் உன் தம்பி,
வில்பர்ட்

பின்குறிப்பு: இன்று வியாழன். பேசி முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். கடிதம் தபாலில் சேராமல் கோட்டுப் பையிலேயே கிடந்தது.

எழுந்து நின்றேன். வாசற்காவலர்களுக்கு நன்றி சொன்னேன். மாடுகளுக்கு வந்தேன். அப்போது பார்த்து ஏன்தான் கேலரியை நிமிர்ந்து பார்த்தேனோ. ஆறும் காலி. உனக்கென்று மனசில் வைத்திருந்த அந்த ஓரத்து நாற்காலியைப் பார்த்ததும் மாடுகள் எங்கே போயினவோ தெரியவில்லை. "என் அக்கா புருஷன் பேரு நார்மன். ரொட்டி வண்டி ஓட்டினவர். அவரைச் சுட்டவன் வெளிய வரட்டும்னு ஓட்டுப் போட்டவன் நான். மறுபடி கேட்டாலும் போடுவேன். அதனால இன்னொரு வீட்டு ரொட்டி வண்டி பத்திரமா வீடு திரும்புது. ஆனா அதுக்கு விலை கொடுத்தது நான் இல்லை, என் அக்கா. அவகிட்ட யாரும் கேட்கலை, நானும் கேட்கலை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சீமாட்டி பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அடுத்து, பாராட்ட வேண்டிய பென்ரூதர் பிரபு எழுந்தார். "இவர் திங்கட்கிழமை என் நாடியைப் பார்த்தார். இன்னிக்கும் பார்த்துட்டார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வெளியே வந்தபோது ரெஜி, "யாரும் வரலீங்களாய்யா?" என்றார். "எனக்கு ஒரே ஒரு அக்காதான், ரெஜி" என்றேன். கோட்டை எடுத்து அவரே எனக்கு மாட்டிவிட்டார்.

மேலே ஒரு குறையும் இல்லை என்று எழுதியது பொய், அக்கா. இங்கே என்னோடு பேச ஆளே இல்லை. பதில் போட வேண்டாம் என்றதையும் அடித்துவிடு. அத்தான் பெயரை எடுத்துவிட்டேன், உன் சொல்லை மீறிவிட்டேன். கன்னிப் பேச்சில்தான் யாரும் குறுக்கிடக் கூடாது. அது முடிந்துவிட்டது. இனிமேல் யார் வேண்டுமானாலும் என்னைக் குறுக்கிட்டுத் திட்டலாமாம். நீயே ஆரம்பித்து வை.