மாமனார் வீட்டுக்கு ஆரைக்கீரை கொண்டுபோன கதை

தோல் பதனிடும் டேனரியில் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு முதலில் போவது மூக்கு. மூக்கு இருந்த இடத்தில்தான் இருக்கும், வாசனைதான் உள்ளே வராது. இது ஆம்பூரில் எல்லாருக்கும் தெரியும். தனக்கும் போய்விட்டது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

1950களில் நான் அங்கே தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிக்கு மேஸ்திரி. குடியாத்தத்தில் தறி வைத்திருந்த என் தாய்மாமன் மகள் சரோஜாவை எனக்குப் பெண் கேட்டிருந்தோம். (கேட்டது நாங்கள், யோசித்துக்கொண்டே இருந்தது மாமா.) மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. சொம்பு சொம்பாகக் குடித்தும் தாகம் அடங்காது. ஆரைக்கீரையைப் பருப்போடு கடைந்து சாப்பிடச் சொல்லியிருந்தார் வைத்தியர். காயவைத்துக் கஷாயமும் போடலாமாம். ஏரிக்கரைச் சேற்றில் நாலு நாலு இலையாகக் குடை பிடித்துக்கொண்டு படர்ந்து கிடக்குமே, அதுதான். பூவும் இல்லை, காயும் இல்லை, விலையும் இல்லை. ஆனால் அந்த வருஷம் மழை இல்லாமல் குடியாத்தம் பக்கத்து ஏரியெல்லாம் வெடித்துக் கிடந்தது.

என் மூளை வேலை செய்தது. எங்கள் டேனரிக்குப் பின்னால் ஒரு வாய்க்கால், எந்தக் கோடையிலும் வற்றாது. (ஏன் வற்றாது என்றும் அந்த மூளை யோசித்திருக்கலாம்.) கோணி நிறையப் பறித்துக்கொண்டு பஸ் ஏறினேன். கூட்டம் நெரிந்தும் என் பக்கத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா பூரித்துப்போனார். "பார்டி, இந்த வெயில்ல எங்கயோ தேடிப் புடிச்சி எட்தாந்துக்கிறான்" என்றார் அத்தையிடம்.

அத்தை கோணியைத் தள்ளியே பிடித்தாள். "இன்னாப்பா, ஒரு மாதிரி வாடை அடிக்குது?"

"கோணி பழசு அத்தை."

கடைந்தது சரோஜா. கீரை வேக வேகத் தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து, "உங்க ஊட்ல எலி கிலி செத்துப்போச்சா பாருங்க" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இலையில் உட்கார்ந்து பிசைந்து அடித்தேன்.

"ரொம்ப நல்லாக்குது அத்தை, இன்னும் கொஞ்சம் போடுங்க."

மாமா எடுத்த கவளத்தைக் கீழே வைத்தார். "எங்கடா பறிச்ச?"

"டேனரிக்குப் பின்னால மாமா. அங்க தண்ணிக்குப் பஞ்சமே இல்ல."

"தோல் கழுவுன தண்ணியா?" அவர் எழுந்து கை கழுவினார். "பொண்ணு கெடையாது, போ. ஊடு பத்திக்கினாகூட இவனுக்கு வாசனை தெரியாது. இவன நம்பி எப்டிக் குடுக்கறது?"

அதுவரை என் எதிரில் வாயே திறக்காத சரோஜா கதவோரத்தில் வந்து நின்றாள்.

"போன வாரம் நான் வெச்ச கொழம்ப நீங்க நாய்க்கு ஊத்துனீங்க. நாயும் சாப்டல. இவரு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்டறாரு. எனக்கு இவரே போதும்ப்பா."

மாமா அவளைப் பார்த்தார், என் இலையைப் பார்த்தார், சிரித்துவிட்டார். தை மாதம் கல்யாணம். ஒரே நிபந்தனை: அவர் வீட்டுக்கு நான் எப்போதும் வெறுங்கையோடுதான் வரவேண்டும். அடுத்த மழைக்கு ஏரி நிரம்பி, சரோஜா தன் கையால் பறித்துவந்த ஆரையைக்கூட மாமா முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றார்.

இப்போதும் எங்கள் வீட்டில் குழம்பு தீய்ந்தால் பேரன்கள் தட்டைத் தள்ளுவார்கள். "தாத்தாவக் கேக்காதீங்க, அவரு நல்லாருக்குன்னுதான் சொல்வாரு."

சரோஜா என் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றுவாள். "அதுக்குத்தாண்டா கட்டிக்கினேன்."