ஆட்டுக்காலன் வெளியேறிய விவரம்

ஜெனோவா நகரத்து அரசு அலுவலகங்களின் வரலாற்றிலேயே, விடுப்பு விண்ணப்பம் எழுதாமல், மேலதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திராமல், சொந்தக் குளம்பால் நடந்து வெளியேறிய ஒரே ஆள், ஓவியக் கருவூலத்தின் பதினேழாம் இழுப்பறையில் முந்நூற்றைம்பது ஆண்டு இருந்த ஆட்டுக்காலன்தான்.

இப்படிச் சொன்னவர் காவலர் பாச்சிகலூப்போ. ஓய்வுபெற அவருக்கு இன்னும் மூன்றே வாரம். கேட்டவர் இயக்குநர் க்ரொண்டோனா அம்மையார். அவர் நம்பவில்லை.

"கத்திரிக்கோல் எங்கேய்யா?"

"எங்கிட்ட இருக்கிறது மீசை வெட்டுறது ஒண்ணுதான், டைரக்டரம்மா."

மேசைமேல் பழைய மசிச் சித்திரம். ஒரு வனதேவதையை ஆட்டுக்காலன் துரத்துவான். குதிரைமனிதன் வேடிக்கை பார்ப்பான். இப்போது அவள் ஓடிக்கொண்டிருந்தாள், இவன் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் கொம்பு, தாடி, குளம்பு எதுவும் பிசகாமல் ஓர் ஓட்டை!

"போலீசுக்குக் கடிதம் எழுதியாச்சு. உங்களுக்குப் பிரிவுபசார விழா கிடையாது. திருட்டுப் பட்டம்தான்."

முப்பத்தெட்டு வருஷப் பெயர். காப்பியில் தோய்த்த ஃபொக்காச்சா ரொட்டி பாச்சிகலூப்போவின் கையிலேயே ஊறிச் சொட்டியது.

"கிளம்பப்போறான், கிளம்பப்போறான்னு பதினாலு வருஷமா எழுதிக் குடுத்தேனேம்மா! முதல்ல வால் போச்சு. அப்புறம் இடது குளம்பு. அந்த ஜன்னல் மூடவே மாட்டேங்குது, கடல்காத்து நேரா உள்ளே வருது..."

"காத்து வந்தா மசி எழுந்து நடக்குமாய்யா?"

அலுவலகம் கைகட்டி இருந்ததாக யாரும் பழிக்க வேண்டாம். மூடாத ஜன்னலுக்காக அம்மையார் தலைமையில் பதினொரு கூட்டங்கள் நடந்தன. கடைசிக் கூட்டத்தில் அதற்கு 'இயற்கைக் காற்றோட்ட வசதி' என்று ஏகமனதாகப் பெயர் சூட்டினார்கள். 'வசதி'யைப் பற்றி எவன் புகார் எழுதுவான்? பாச்சிகலூப்போ எழுதினார்.

அம்மையார் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். ஓட்டையின் ஓரத்தில் வெட்டு இல்லை, கருகினாற்போல் பழுப்பு. சித்திரம் வைத்திருந்த உறையின் அடியில் ஒரு சிட்டிகைத் தூள். மாசிக்காயும் அன்னபேதியும் போட்டுக் காய்ச்சிய மசி, ஈரம் பட்டால் தாளையே தின்றுவிடும். ஓவியர் ஆசை ஆசையாக அழுத்திக் கறுப்பேற்றியது அந்தப் போக்கிரியைத்தான். 'ஹூம்' என்றார் அம்மையார். குதிரைமனிதனின் முன்னங்கால் கழன்று விழுந்தது.

"மூச்சு விடாதீங்கம்மா! அடுத்தவனும் கிளம்பிட்டான்!"

அம்மையார் வாயைப் பொத்திக்கொண்டே புகார்க் கோப்பைத் திறந்தார். பதினான்கு கடிதங்கள். ஒவ்வொன்றிலும் 'பார்த்தேன்', கீழே அம்மையாருடைய அழகான கையெழுத்து.

போலீசுக்கு எழுதிய கடிதத்தை நாலாக மடித்துக் கிழித்தார்.

"வாஸ்தவம்தான், பாச்சிகலூப்போ. அவன் போயிட்டான்." ஜன்னலைப் பார்த்தார். "பதினோரு கூட்டம் போட்டு வழியனுப்பி வச்சது நான்தான்."