தொப்பிக்கு வைத்த கும்பிடு

ஒரு நாட்டின் விடுதலைப் போராட்டத்தை நான் கெடுத்திருக்கிறேன். பதற வேண்டாம், நாடகத்தில்தான். ஆனால் அன்று என் முதலாளியம்மா என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான நாடு ஒன்றையே காட்டிக்கொடுத்தவன் போல உணர்ந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியில் பலெர்மோவுக்குப் பக்கத்தில் பகேரியாவில், ஒரு சின்யோராவின், அதாவது பணக்கார அம்மாவின், பழைய மாளிகையில் வீட்டுவேலை செய்தேன். என் மனைவி வதனி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் பொலிஸ் பதிவுத் துண்டோடு காத்திருந்தாள். அவளைக் கூப்பிட எல்லாம் தயார். சின்யோரா கராஜுக்கு மேலே இருந்த அறையை எங்களுக்குத் தருவதாக ஒரு கடிதம் எழுதினால் போதும். 'எழுதுகிறேன், எழுதுகிறேன்' என்று எட்டு மாதம் போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் அவருடைய மருமகன் வந்து சேர்ந்தார். அமெரிக்கர், இசை படிப்பிக்கிறவர். அமெரிக்கா பிறந்த புதிதில் அங்கே மேடையேறிய ஒரு சிரிப்பு இசைநாடகத்தின் வரிகளைத் தேடிப் பிடித்திருந்தார். இசை தொலைந்துவிட்டதாம், அதனால் தானே மெட்டுப் போட்டார் (தொலைந்த இசை நல்லதாகத்தான் இருந்திருக்க வேண்டும்). கதை இதுதான்: சுவிற்சர்லாந்து மலைநாட்டை ஆளும் கொடுங்கோலன் சந்தியில் ஒரு கம்பம் நட்டு, அதில் தன் தொப்பியை மாட்டி, போகிற வருகிற எல்லோரும் அதை வணங்க வேண்டும் என்கிறான். வில்வீரன் ஒருவன் மறுக்கிறான். ஊரே அவன் பின்னால் நிமிர்ந்து நிற்கிறது. பிறகு பாட்டு, சண்டை, விடுதலை.

நாடகம் மாளிகைத் தோட்டத்தில். சின்யோராவின் சிநேகிதர்கள் பிரபு, படைத்தலைவன், பிரபுவின் மகள் என்று இறகு வைத்த வேடங்களைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். அடக்கப்பட்ட குடியானவர்களாக நடிக்க ஒருவருக்கும் மனமில்லை. ஆகவே வேலைக்காரர்களைப் பிடித்தார்கள். நான், பக்கத்து மாளிகையில் சமைக்கும் சிவம் அண்ணை, பலெர்மோவின் சீசாப் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த இரண்டு பெடியள். நாங்கள்தான் சுவிற்சர்லாந்து.

எங்கள் வேலை சுலபம். சிப்பாய் மறிப்பான், தொப்பியைக் காட்டுவான், நாங்கள் குனியாமல் நிற்க வேண்டும். 'நிமிர்ந்து நில்லுங்கள், நீங்கள் சுதந்திர மனிதர்கள்' என்று மருமகன் கை தட்டித் தட்டிச் சொன்னார். ஒத்திகையில் பிரமாதமாக நிமிர்ந்தோம். சிப்பாயாக நடித்தவர் பலெர்மோவின் பொலிதேயாமா சதுக்கத்தில் அலுவலகம் வைத்திருந்த ஒரு சட்டத்தரணி. பிஸ்கற் தின்றுகொண்டே மறிப்பார். அவரைப் பார்த்தால் பூனையும் குனியாது.

ஞாயிறு பின்னேரம் நாடகம். முன்வரிசை முழுக்க வாசனைத் தைலம். நான் நெஞ்சை முன்தள்ளிக்கொண்டு மேடைக்கு வந்தேன். சட்டத்தரணி எதிரே வந்தார். முழங்கால் வரை சப்பாத்து, இரும்புத் தொப்பி, கையில் ஈட்டி. ஒரு கையை நீட்டி, 'நில்' என்று ஒரு சத்தம்.

அதற்குப் பிறகு நடந்ததை என் மூளை செய்யவில்லை. கை செய்தது. ஆனையிறவுச் சோதனைச் சாவடியிலும் வவுனியாச் சோதனைச் சாவடியிலும் பழகிய கை அது. குனிந்து, கால்மேசுக்குள் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த வதிவிட அனுமதிப் பத்திரத்தை, பெர்மெசோவை, எடுத்து, இரண்டு கையாலும் சிப்பாயிடம் நீட்டினேன். (வேடம் போட்டாலும் பெர்மெசோ இல்லாமல் வெளியே இறங்க எங்களுக்கு என்ன பைத்தியமா?)

நான் மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். திரும்பிப் பார்த்தால் பின்னால் வரிசை. சிவம் அண்ணை சட்டைக்குள்ளிருந்து எடுக்கிறார். பெடியள் இருவரும் எடுத்து, படம் இருக்கும் பக்கத்தை விரித்தே வைத்திருக்கிறார்கள். சட்டத்தரணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் பத்திரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல ஈட்டியால் தொப்பியைக் காட்டினார். நால்வரும் செருப்பைக் கழற்றி, கைகூப்பி, தொப்பியைக் கும்பிட்டோம்.

தோட்டமே சிரித்தது. கண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் வில்வீரன் சுதந்திரத்தைப் பற்றித் தனியே பாடிக்கொண்டிருந்தான். மருமகன் தாள்களை எறிந்துவிட்டுப் போய்விட்டார். கடிதம் போச்சு என்று நினைத்தேன்.

மூன்று நாள் சின்யோரா என்னோடு கதைக்கவில்லை. ஆனால் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. வராதவர்கள் எல்லோரும் அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டுமாம். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த ஞாயிறு மறுபடி போடுகிறோம். நீங்கள் நால்வரும் அன்று செய்தது போலவே செய்யுங்கள். கடிதத்தில் அன்றைக்கே கையெழுத்து வைக்கிறேன்."

சிவம் அண்ணையிடம் போய்ச் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்தார்.

"தம்பி, அண்டைக்குப் பயத்திலை செய்தது. இனித் தெரிஞ்சு செய்தா அது வேறை." கத்தியைத் திரும்ப எடுத்தார். "ஓம், வாறன். வதனிக்காக வாறன்."

இரண்டாம் முறை சிரிப்பு இன்னும் பலமாக இருந்தது. இந்த முறை எல்லாமே எனக்குத் தெரிந்தது. முன்வரிசையில் யாருடைய பல்லில் தங்கம் என்பதுகூட. பெர்மெசோவை நீட்டும்போது காது சுட்டது, வெட்கத்தில் செத்தேன். ஆனாலும் ஒத்திகை பார்த்தவன் போல ஒழுங்காகக் கும்பிட்டேன். கடிதத்தோடு ரயிலில் ஏறி, பலெர்மோ வரும்வரை அதைச் சட்டைப்பைக்கு மேலால் பிடித்துக்கொண்டே வந்தேன்.

வதனி வந்தாள். கதையைச் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. இப்போது பிறந்தநாளோ கலியாணவீடோ, யாராவது தன் மனுசிக்கு வாங்கிக் கொடுத்த சங்கிலியைப் பற்றிப் பெருமையடித்தால் அவள் ஆரம்பித்துவிடுவாள்: "இவர் ஒரு வெறுந்தொப்பியைக் கும்பிட்டவர்." எல்லோரும் சிரிப்பார்கள். எங்கள் பிள்ளைகள் எழும்பி நின்று கைகூப்பி நடித்தே காட்டுவார்கள். சிரிப்பு அடங்கும்வரை வதனி காத்திருப்பாள்.

"ரெண்டு தரம்," என்பாள். "ரெண்டாந்தரம் எனக்காக."