மேட்டுப்பாளையத்து மோட்டார்

நாற்பத்து மூன்றாவது வயதில், மொழியியலில் முனைவர் பட்டம் வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தேன். பதினெட்டு வருடமாகக் கணபதி ஏரியாவில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டிராயிங் போடுகிறவன் நான். தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். பேச்சு எப்படி வெளியே வருகிறது என்று கண்டுபிடிக்கப் போகிறேன். விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதினேன். எழுதும்போதே பயமாக இருந்தது. பயம் பல்கலைக்கழகத்தைப் பற்றி அல்ல, என் மனைவி மதிவதனியைப் பற்றி.

ஏற்கெனவே யோகா டிப்ளமோவையும் ஜோசியப் படிப்பையும் பாதியில் விட்டவன் நான். "இன்னொருக்கா கோர்ஸுன்னு வாயைத் தொறந்தீங்கன்னா, நான் தாராபுரத்துக்கே போயிருவேனுங்க" என்று மரியாதையாகச் சொல்லியிருந்தாள். அவள் பேச்சில் மரியாதை கூடக்கூட ஆபத்தும் கூடும்.

விண்ணப்பத்தோடு ஒரு பேச்சுப் பதிவு அனுப்ப வேண்டும். மிக்ஸிக்குப் பின்னால் போனை ஒளித்துவைத்து, அவள் தாராபுரத்து அக்காவோடு பேசியதைப் பதிவு செய்து அனுப்பினேன். முக்கால்வாசி என்னைத் திட்டியதுதான். ஆராய்ச்சிக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

உடனே மெயில் வந்தது. பேசியவரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டுமாம், வெள்ளிக்கிழமைக்குள்.

எங்கள் வீட்டில் அவள் நீட்டும் காகிதத்தில் நான் படிக்காமல் கையெழுத்துப் போடுவது வழக்கம். படித்தால், "எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்பாள். அந்த வழியையே நானும் பிடித்தேன். மகளின் ஸ்கூல் டூர் காகிதத்துக்கும் கேஸ் சிலிண்டர் காகிதத்துக்கும் நடுவில் ஒப்புதல் படிவத்தைச் செருகி நீட்டினேன்.

"ஏனுங்க, மூணு இருக்குது?"

"கேஸுக்கு ரெண்டு அம்மணி."

"படிச்சுப் பாக்கோணுமுங்களா?"

"எம்மேல நம்பிக்கை இல்லையா?"

சிரித்தபடி போட்டுவிட்டாள். பால் பாக்கெட்டில் இருப்பதைக்கூட விடாமல் படிக்கிறவள் அவள். அன்று மட்டும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

நேர்காணலன்று, மேட்டுப்பாளையத்தில் ஒரு மோட்டார் ரிப்பேர் என்று சொல்லிக் கிளம்பினேன். பகுதிநேர ஆராய்ச்சிப் படிப்புக்கு இருந்தது ஒரே ஓர் இடம். பல்கலைக்கழக வராந்தாவில், கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில், மடியில் ஃபைலோடு மதிவதனி உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க. மோட்டார் ஓடுதுங்களா?"

"நீ எங்க அம்மணி இங்க?"

"நானும் அப்ளை பண்ணிப்போட்டேனுங்க. விளம்பரத்தை உங்க லேப்டாப்புலதான் பாத்தேன்."

"நீ படிச்சது ஜுவாலஜி."

"நீங்க படிச்சது பம்ப்புங்க."

"பேச்சுப் பதிவுக்கு என்ன பண்ணுனே?"

"லேட்டா வந்து நீங்க சொல்ற காரணமெல்லாம் ரெண்டு மாசமாப் புடிச்சு வெச்சிருக்கறனுங்க. பயந்தவங்க எப்படிப் பேசறாங்கன்னுதான் என்ற ஆராய்ச்சி."

"என்னைக் கேக்காமயா?" கல்யாணமாகி முதல் முறையாகக் குரலை உயர்த்தினேன்.

அவள் ஃபைலைத் திறந்து ஓர் ஒப்புதல் படிவத்தைக் காட்டினாள். அடியில் என் கையெழுத்து. போன மாதம் கரண்ட் ஆபீஸ் காகிதம் என்று அவள் நீட்டியது.

சாயங்காலம் முடிவு வந்தது. இடம் அவளுக்குத்தான். ராத்திரிச் சாப்பாட்டில் என் தட்டில் இரண்டு தோசையைப் போட்டுவிட்டு, போனை மிக்ஸிக்கு முன்னாலேயே வைத்து ரெக்கார்டிங்கை அமுக்கினாள்.

"இப்பச் சொல்லுங்க. மேட்டுப்பாளையத்துல எந்த மோட்டாருங்க ரிப்பேரு?"