மாப்பிள்ளையின் சின்னவிரல்

வைத்தியம் பாதி படித்தவனை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. முழுதாகப் படித்தவன் மருந்து எழுதுவான். பாதி படித்தவன் சந்தேகப்படுவான். நான் அப்போது இரண்டாம் வருடம். அம்மா காய்ச்சல் என்றால், வெப்பமானியை உதறிவிட்டு இன்னொரு தரம் வைத்துப் பார்ப்பேன்.

அக்காவைப் பார்க்க நானாட்டானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வயல் செய்கிற குடும்பம். அக்காவுக்கு ஆளைப் பிடித்துவிட்டது (கேக் தட்டை அவர் பக்கம் மட்டும் இரண்டு தரம் நீட்டினாள்).

"ஒண்டை முன்னமே சொல்லிப்போடுறன்" என்றார் மாப்பிள்ளை. "ட்ரக்டரால விழுந்து கலப்பைத் தகடு முழங்கையை வெட்டினது. நரம்பு அறுந்திட்டுது. சின்னவிரல் இன்னும் விறைப்புத்தான், தொட்டாலும் தெரியாது. ஆனா வேலைக்கு ஒரு குறையுமில்லை."

சின்னவிரலுக்குப் போகிற அந்த நரம்பு முழங்கையில் அறுந்தால் விரல்களைச் சேர்த்து இறுக்க முடியாது. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. கேக் சுற்றியிருந்த தாளை எடுத்தேன்.

"அண்ணை, இதை ரெண்டு விரலுக்கு இடையில பிடியுங்கோ."

பிடித்தார். இழுத்தேன். தாள் கிழிந்தது, விரல் விடவில்லை.

"அம்மா, இவர் பொய் சொல்லுறார்" என்றேன் (சபை நடுவில், வாய் நிறையக் கேக்கோடு).

"கை பழுதெண்டு பொய் சொல்லி எனக்கென்ன லாபம், தம்பி?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்."

அவருடைய அப்பா எழும்பிச் செருப்பைத் தேடினார். சம்பந்தம் அதோடு நின்றது. அக்கா என்னோடு பேச்சை விட்டாள்.

பாராட்டுக் கிடைக்கும் என்று நம்பி என் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்தார்.

"சிலபேருக்கு முன்கையில பக்கத்து நரம்பிலயிருந்து ஒரு கிளை குறுக்கால வந்து இதோட சேரும். மேல அறுந்தாலும் விரல் வேலை செய்யும். விறைப்பு மட்டும் இருக்கும். போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வாரும்."

நானாட்டான் வயல் வரம்பில் நின்று மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"உமக்காக இல்லை. உம்மட அக்கா ஃபோன்ல கேட்டவ, அதுக்காக வாறன்" என்றார். (இவளுக்கு நம்பர் யார் கொடுத்தது என்று அங்கேயும் ஒரு சந்தேகம்.)

நரம்பில் மெல்லிய மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். குறுக்குக் கிளை இருந்தது. கலியாணமும் நடந்தது.

இப்போது நான் முழு வைத்தியன். ஆனாலும் வீட்டில் ஒருவரும் என்னிடம் நோய் வருத்தம் சொல்வதில்லை. போன கிழமை அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்ததை அத்தான் சொல்லித்தான் அறிந்து ஓடினேன். அம்மா கையில் கட்டோடு கதிரையில் இருந்தார். நான் வாய் திறக்கமுதல் எக்ஸ்ரே படத்தை நீட்டினார்.

"முதல்ல இதைப் பார். பிறகு நோகுதெண்டு சொல்லுறன்."